இரவற் குரலும் இரவற் பாட்டும்

ஒரு பாட்டைக் கேட்டுக் களிக்கிறோம். பாடினவர் யாரென்று கேட்டால் சிறு பிள்ளையும் சொல்லிவிடும். எந்தப் படத்தில் வந்தது என்று கேட்டாலும் சொல்லிவிடும். அந்தப் படத்துக்குள் அது எங்கிருந்து வந்தது என்று மூன்றாவதாக ஒரு கேள்வி போட்டால்தான், கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்கள். மரத்துக்கு இலக்கம் போட்டு, பாலை நிறுத்து, செம்பனைக் குலைகளை எண்ணிக் கணக்கெழுதுகிற தோட்டங்களில் பழகிய நமக்குப் பாட்டின் கணக்கில் மட்டும் ஏனோ இவ்வளவு அலட்சியம்.

அந்த மூன்றாவது கேள்வியை ‘படோசன்’ என்னும் ஹிந்திப் படத்தை வைத்துக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். பக்கத்து வீட்டுக்காரி என்பது அந்தச் சொல்லுக்குப் பொருள். 1968-ம் வருஷத்தில் ஜ்யோதி ஸ்வரூப் டைரெக்ட் செய்து வெளிவந்த ஹாஸ்யப் படம் அது. தமிழ்ப் பத்திரிகையில் ஹிந்திப் படத்துக்கு என்ன வேலை என்று சில தோழர்கள் முகஞ்சுளிக்கக் கூடும். வேலை இருக்கிறது. அந்தப் படத்தில் சிரிப்புக்கு ஆளாகிறவர் ஒரு தமிழர். அந்தக் கதை ஹிந்திக்குப் போவதற்கு எட்டு வருஷங்களுக்கு முன்பே தமிழில் வந்துவிட்டது. அதில் பேர்போன பாட்டு ஒன்று உண்டு. ‘ஏக் சதுர் நார்’ என்று தொடங்கும். சமர்த்தான பெண்ணொருத்தி என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். அதன் பிறப்பைத் தேடிப் போனால் நம்முடைய வீட்டுக் கணக்கு ஒன்றும் உடன் வந்து சேருகிறது.

கதை சிறியது. போலா என்கிற வெகுளி வாலிபன் பக்கத்து வீட்டுப் பிந்து மேல் காதல் கொள்ளுகிறான். அவளுக்கோ சங்கீதத்தில் பைத்தியம். மாஸ்டர் பிள்ளை என்கிற தென்னாட்டு உபாத்தியாயர் அவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். அவருக்கும் அவள்மேல் ஒரு கண். போலாவின் தொண்டையில் பாட்டு இல்லை. அவன் சிநேகிதன் வித்யாபதி ஒரு நாடகக் கோஷ்டிக்காரன். அவன் ஜன்னலுக்குப் பின்னால் மறைந்திருந்து பாட, இவன் ஜன்னலில் நின்று வாயசைக்கிறான். பெண் மயங்குகிறாள். போலாவாகச் சுனில் தத்தும், பிந்துவாகச் சாயிரா பானுவும், வித்யாபதியாகக் கிஷோர் குமாரும், பிள்ளையாக மெஹ்மூதும் நடித்தார்கள். இவ்வளவுதான் கதை. ஆனால் இந்தச் சிறு கதை ஸினிமாத் தொழிலின் வயிற்றையே கிழித்துக் காட்டுகிறது. ஒருவர் பாட, இன்னொருவர் வாயசைக்க, கேட்கிறவர்கள் வாயசைத்தவரிடம் மனசைப் பறிகொடுப்பதுதானே இந்தியப் பேசும்படத்தின் முழு வியாபாரமும்!

இந்தக் கதை முதலில் வங்காளத்தில் பிறந்தது. 1952-ம் வருஷத்தில் சுதீர் முகர்ஜி எடுத்த ‘பாஷேர் பாடி’ என்ற படம் அது. மறு வருஷமே ‘பக்கிண்டி அம்மாயி’ என்று தெலுங்குக்கு வந்தது. ரேலங்கியும் அஞ்சலி தேவியும் அதில் நடித்தார்கள். குரல் கொடுக்கும் சிநேகிதனாக நடித்தவர் யார் தெரியுமா? நம் காதுகளுக்குத் தேனாக இனித்த ஏ. எம். ராஜா. 1960-ம் வருஷத்தில் அதே அஞ்சலி தேவியின் சொந்தக் கம்பெனியான அஞ்சலி பிக்சர்ஸ் ‘அடுத்த வீட்டுப் பெண்’ என்று தமிழில் எடுத்தது. வேதாந்தம் ராகவய்யா டைரெக்ஷன்; அஞ்சலி தேவியின் கணவர் ஆதிநாராயண ராவ் சங்கீதம்; தஞ்சை ராமையாதாஸ் பாட்டு. டி. ஆர். ராமச்சந்திரன் வாயசைக்கிற வெகுளி, கே. ஏ. தங்கவேலு மறைந்திருந்து பாடுகிற சிநேகிதர். அதற்குப் பிறகுதான் ஹிந்தி. 1981-ல் மீண்டும் ஒரு முறை தெலுங்குக்கும் போய்வந்தது.

தமிழ்ப் படத்தில் நடந்த ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். ‘கண்ணாலே பேசிப் பேசி’ என்று தொடங்கும் பாட்டை நம்மில் முணுமுணுக்காதவர்கள் குறைவு. திரையில் ராமச்சந்திரன் வாயசைக்கிறார். அது தங்கவேலுவின் குரல் என்று கதை சொல்லுகிறது. ஆனால் அது தங்கவேலுவின் குரலும் அல்ல. பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடியது. பொய்க்குப் பின்னால் இருக்கிற மெய் என்று எதைக் காட்டினார்களோ அதுவும் பொய். குரல் கொடுத்தவனின் உபகாரத்தைப் பற்றிய படத்தில், உண்மையாகவே குரல் கொடுத்தவர் முகம் ஒரு மூலையிலாவது தெரியவில்லை. தெலுங்கில் ஏ. எம். ராஜாவும் ஹிந்தியில் கிஷோர் குமாரும் திரையில் தாமே வந்து தம் குரலில் பாடியபடியால் அந்தப் படங்களில் இந்தக் குறை சற்றுத் தணிந்தது. இதைத் தங்கவேலுவின் குற்றமாக யாரும் எண்ண வேண்டாம். அவருடைய ஹாஸ்யத்துக்கு நாம் பட்ட கடன் வேறு.

பின்னணிப் பாட்டு என்கிற ஏற்பாடு இந்தியப் படங்களில் 1935-ம் வருஷத்தில், கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் நிதின் போஸைக் கொண்டு எடுத்த படத்தில் முறையாக ஆரம்பமாயிற்று. தமிழில் ‘நந்தகுமார்’ படத்துக்கு 1938-ல் லலிதா வெங்கடராமன் பாடினதை முதலாவது என்பார்கள். அதற்கு முன் நடிப்பவரே பாட வேண்டும். பாடத் தெரியாதவருக்கு ஸினிமாவில் இடமில்லை. பிறகு நடிப்பு ஒரு வேலை, பாட்டு ஒரு வேலை என்று தொழில் பிரிந்தது. அதில் தவறில்லை. பிரித்த தொழிலில் ஒரு கைக்கு மட்டும் பெயரும் மற்றக் கைக்கு மறைவும் கிடைப்பதைத்தான் நாம் விசாரிக்கிறோம். தோட்டத்துக் கிராணி வேலை பார்ப்பவனுக்கு இது புது விஷயமல்ல. முற்காலத்தில் துரை ஆங்கிலத்தில் சொன்னதைக் கிராணிதான் தமிழில் சொன்னார். கடுமை துரையினுடையது, குரல் கிராணியினுடையது. ஜனங்கள் வைதது குரலைத்தான். குரல் கொடுப்பதில் இப்படியும் ஒரு பலன் உண்டு!

இனிப் பாட்டுக்கு வருவோம். ‘படோசன்’ பாட்டுத் தட்டில் அச்சான பெயர்கள் இரண்டு. எழுதியவர் ராஜேந்திர கிருஷண். இசையமைத்தவர் ராகுல் தேவ் பர்மன். ஆனால் இருபத்தேழு வருஷங்களுக்கு முன்பே, 1941-ல், பம்பாய் டாக்கீஸார் ‘ஜூலா’ என்று ஒரு படம் எடுத்திருந்தார்கள். ஊஞ்சல் என்று பொருள். கியான் முகர்ஜி டைரெக்ஷன். அசோக் குமாரும் லீலா சிட்னீஸும் நடித்தது. அந்தப் படத்தில் அசோக் குமார் தம் சொந்தக் குரலில் பாடின பாட்டு ஒன்று இதே முதலடியோடு தொடங்குகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டவர்களுக்குச் சந்தேகம் எழாது. ‘ஜூலா’வில் அது தனி ஆள் பாடும் எளிய குறும்புப் பாட்டு. ‘படோசன்’ அதை வித்தாக வைத்து ஒரு பெரிய மரமாக்கிவிட்டது.

வித்து எப்படிக் கைமாறியது என்பதில் ரகசியமில்லை. அசோக் குமாரின் கடைசித் தம்பி கிஷோர் குமார். அண்ணன் பாட்டைக் கேட்டு வளர்ந்த தம்பி அதே அடியைப் பாடுகிறார். மெஹ்மூதின் தகப்பனார் மும்தாஜ் அலியோ அதே பம்பாய் டாக்கீஸில் நாட்டியக்காரராக இருந்தவர். 1943-ல் அந்தக் கம்பெனி எடுத்த ‘கிஸ்மத்’ படத்தில் அசோக் குமாரின் சிறுபிராய வேஷம் போட்ட பையன் இந்த மெஹ்மூதே. ஆகவே ‘படோசன்’ படத்தில் எதிரெதிரே நின்று பாட்டுப் போர் செய்கிறவர்களில் இருவர் அந்தப் பாட்டுப் பிறந்த வீட்டுப் பிள்ளைகள். பாட்டனார் சொத்தைப் பேரர்கள் பங்குபோட்டுக்கொண்ட மாதிரி நடந்திருக்கிறது. அதனால்தான் திருட்டு என்று ஒரேயடியாகச் சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

ஆனால் சொத்தைச் சம்பாதித்த பாட்டி ஒருத்தி இருந்தாளே, அவள் பெயர் எங்கே? ‘ஜூலா’வுக்கு இசையமைத்தவர் சரஸ்வதி தேவி. அவருடைய இயற்பெயர் குர்ஷீத் ஹோம்ஜி. பார்ஸி குடும்பத்துப் பெண். ஹிந்திப் படங்களுக்கு இசையமைத்த முதற் பெண்களில் அவர் ஒருவர். அவரும் அவர் சகோதரியும் 1935-ல் ‘ஜவானி கி ஹவா’ என்ற படத்தில் வேலை செய்ததற்காகப் பார்ஸி சமூகத்தார் கிளர்ச்சி செய்தார்கள். கௌரவமான வீட்டுப் பெண்கள் ஸினிமாவில் சேரலாமா என்பது அவர்கள் கேள்வி. பெயரை மாற்றிக்கொண்டு அவர் தொழிலை விடாமல் செய்தார். அதே படத்தில் சகோதரிக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, இவர் காமிராவுக்கு அப்பால் நின்று பாட, சகோதரி வாயசைத்தாள் என்றும் சொல்லுவார்கள். அப்படியானால் ‘படோசன்’ கதையையே அந்த அம்மையார் முப்பத்து மூன்று வருஷங்களுக்கு முன் நடத்திக் காட்டிவிட்டார்! ‘படோசன்’ ஓடுகையில் அவர் உயிரோடிருந்தார், 1980-ல்தான் காலமானார். ‘ஜூலா’வின் பாட்டுக்களை எழுதிய கவி பிரதீப்பும் இருந்தார். பிரதீப்புக்குப் பிற்காலத்தில் வேறு பாட்டுக்களால் தேசப் புகழ் கிடைத்தது. சரஸ்வதி தேவியின் பெயரையோ பழைய தட்டுச் சேர்ப்பவர்களைத் தவிர வேறு எவரும் எடுப்பதில்லை.

பர்மனுக்கும் அவர் கூட்டத்தாருக்கும் சேர வேண்டியதை நாம் குறைக்க வரவில்லை. அவர்கள் அந்தச் சிறு அடியை எடுத்து ஒரு நாடகமாக்கினார்கள். இரண்டு ஜன்னல்கள். ஒன்றில் பிள்ளை, தம் மாணவியோடு. எதிர் ஜன்னலில் வாயசைக்கும் போலா, அவனுக்குப் பின்னால் வித்யாபதி. பிள்ளைக்குப் பின்னணி பாடினவர் மன்னா டே. அவர் சுரம் பாடுகிற சுத்தமும், கமகத்தில் காட்டுகிற அழுத்தமும், சாஸ்திரிய சங்கீதத்தில் கரைகண்டவர் என்பதை ஒவ்வொரு வினாடியும் காட்டுகின்றன. எதிரே கிஷோர் குமாருக்கு முறையான சங்கீதப் பயிற்சி இல்லை. அவர் செய்கிறதென்ன? சுரத்துக்குச் சுரம் சொல்லாமல், ஒரு சொல்லைப் போட்டுவிட்டு வேறொரு சொல்லுக்குத் தாவுகிறார். குதிரை என்கிறார், சமர்த்து என்கிறார். தாளத்தின் மேல் ஏறிச் சவாரி செய்கிறார். பிள்ளை திகைக்கிறார். ஏதாவது ஒன்றில் நில்லையா என்று இரைகிறார். நிற்க மாட்டேன் என்பதுதான் எதிராளியின் வித்தை.

இந்த இடத்தில்தான் நமக்கு ஒரு முள் தைக்கிறது. பிள்ளை தோற்பது எதனால்? சங்கீதம் தெரியாததனாலா? படத்திலேயே மெய்யாகப் பாடத் தெரிந்து, நேரில் நின்று, தம் வாயால் பாடுகிற காதலர் அவர் ஒருவர்தான். மாணவிக்குச் சொல்லிக் கொடுத்தவரும் அவரே. அவர் முறைக்குக் கட்டுப்பட்டவர், எதிராளி கட்டுப்படாதவன், அதனால் தோற்றார். மோசம் செய்தவன் ஜெயிக்கிறான், வித்தை தெரிந்தவன் கோமாளியாகிறான். அவனைக் கோமாளியாக்குவதற்கு வேண்டிய சாமான்கள் என்ன? குடுமி, நெற்றிக் குறி, கட்டின வேஷ்டி, ஹிந்தியைத் தமிழ் நாக்கில் உருட்டுகிற உச்சரிப்பு. சிரிப்பு பாட்டில் பாதி, உச்சரிப்பில் பாதி. இதில் இன்னும் ஒரு விசித்திரம். அந்தத் தமிழருடைய வேஷம் போட்டவரும் தமிழரல்லர், அவருக்குப் பாடினவரும் தமிழரல்லர். மன்னா டே வங்காளி. தமிழருக்கென்று ஒதுக்கிய அவமானத்தைக்கூடப் பிறர்தான் நடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

மெஹ்மூத் சிறந்த நடிகர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் தமிழுக்குப் பட்ட கடனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964) ஹிந்திக்குப் போனபோது நாகேஷின் வேஷத்தை ஏற்றுப் பேர் வாங்கினவர் அவர். ‘சர்வர் சுந்தரம்’ ஹிந்தியில் வந்தபோதும் நாகேஷின் இடத்தில் அவரே. ‘மெட்ராஸ் டு பாண்டிச்சேரி’ (1966) அவர் கையில் 1972-ல் ‘பாம்பே டு கோவா’ ஆயிற்று. நம் வீட்டுப் பாத்திரத்தில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, நம் சாப்பாட்டு முறையைப் பரிகாசம் செய்தது போலிருக்கிறது. 1960-ம் வருஷத் தமிழ்ப் படத்தில் இந்தப் பரிகாசத்துக்கு வழியில்லை. எல்லாருமே தமிழ் பேசுகிற இடத்தில் ஒருவருடைய தமிழ் நாக்கைக் கண்டு எப்படிச் சிரிப்பது?

இதைப் படித்து வடக்கத்தியாரை வைது திருப்தியடைவது சுலபம். அந்தச் சுலபம் நமக்கு வேண்டாம். தமிழ்ப் படங்களில் எத்தனை சேட்டுகள் வட்டிக்கடையில் உட்கார்ந்து தமிழைக் கொலை செய்திருக்கிறார்கள்! எத்தனை மலையாளத்து டீக்கடைக்காரர்கள் மூக்கால் பேசியிருக்கிறார்கள்! நாம் சிரிக்காமலா இருந்தோம்? மற்றவன் உச்சரிப்பைக் கண்டு சிரிக்கிற வழக்கம் எல்லாச் சாதியாருக்கும் பொது. இந்த நாட்டில் அதன் கூர்மையான முனை நம் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருப்பதால் நமக்கு அது சுருக்கென்று தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் தலையை ஆட்டிக் காட்டி, நாக்கை மடக்கிக் காட்டி நம் பையனைப் போலப் பேசுகிறார்கள், கூட்டம் சிரிக்கிறது, பையனும் சேர்ந்து சிரித்துவிட்டு, மறுநாள் முதல் வகுப்பில் வாய் திறப்பதில்லை. ‘படோசன்’ படத்தை நம் வீட்டில் போட்டுப் பார்க்கிறபோது அந்தப் பையனும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளையின் சுரங்களைக் கேள், அவர் பாட்டில் பிழை எங்கே என்று அவனிடம் கேட்டுப் பார்க்கலாம். பிழை கிடைக்காது.

பாட்டின் ஊர் தெரியாமற் போவது இந்தியாவுக்கு மட்டும் உரிய சங்கதியுமல்ல. அமெரிக்காவில் 2012-ல் ‘பிட்ச் பெர்ஃபெக்ட்’ என்று காலேஜ் மாணவிகள் வாத்தியமில்லாமல் கூடிப் பாடுகிற ஹாஸ்யப் படம் வந்தது. அதன் கதாநாயகி ஒரு கோப்பையைத் தட்டித் தாளம் போட்டுப் பாடின பாட்டு உலகமெல்லாம் பரவி, நம் ஊர்ப் பிள்ளைகளும் மேஜைமேல் பிளாஸ்டிக் கோப்பையைத் தட்டிக்கொண்டு திரிந்தார்கள். அது படத்துக்கென்று எழுதின பாட்டா? இல்லை. லண்டனில் சில பெண்கள் கூடிய ஒரு சிறு கோஷ்டி 2009-ல் அந்தக் கோப்பைத் தாளத்தோடு பாடி வெளியிட்டது. அவர்களுக்கும் முன்பு, 1931-ம் வருஷத்தில், வர்ஜீனியா மலைநாட்டுக் கார்ட்டர் குடும்பத்தார் அதன் மூலப் பாட்டைத் தட்டில் பதிந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்துத் தலைவர் ஏ. பி. கார்ட்டர் மலைகளில் ஊர் ஊராகச் சுற்றிப் பாட்டுச் சேர்த்தவர். சேர்த்த பாட்டுக்கள் பல அவர் பெயரிலேயே பதிவாயின. அவர் வார்த்தைகளை எழுதிக்கொள்ள, கூடவே நடந்து மெட்டுக்களை மனத்தில் பிடித்துக்கொண்டு வந்தவர் லெஸ்லி ரிடில் என்கிற கறுப்பர். ஒரு காலை விபத்தில் இழந்தவர். தட்டுக்களில் அவர் பெயர் இல்லை. 1960-களில் ஒருவர் தேடிப் போய்க் கண்டுபிடித்துப் பாடச் சொல்லிப் பதிந்த பிறகுதான் வெளியார் சிலர் அவரை அறிந்தார்கள். கறுப்பருக்கு அங்கே நேர்ந்ததும், பார்ஸிப் பெண்ணுக்குப் பம்பாயில் நேர்ந்ததும் ஒரே வகை.

நம் பக்கம் இதைவிட மோசம். ரப்பர் காலத்தில் தோட்டத்து லயங்களில் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் எத்தனை! கங்காணியை ஏசின பாட்டு உண்டு. கப்பலை நினைத்து அழுத பாட்டு உண்டு. வெட்டுக்கத்தியின் கையோட்டத்துக்கே அமைந்த பாட்டு உண்டு. இலங்கையில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துப் பாட்டுக்களைத் தேடித் தொகுத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்று 1983-ல் நூலாக்கினார். அவர் அந்த வேலையைச் செய்திராவிட்டால் அவற்றில் பல அந்த லயங்களோடு போயிருக்கும். இங்கே பேராக்கில் லயங்களே போய்க்கொண்டிருக்கின்றன. ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. வேலை செய்கிறவர்களில் பலர் வேறு தேசத்தார். தோட்டத்தை விட்டு லூமுட்டுக்கும் ஈப்போவுக்கும் வந்த குடும்பங்கள் சட்டியையும் சாமி படத்தையும் கொண்டு வந்தார்கள். பாட்டு கிழவிகளின் தொண்டையில் வந்தது. அந்தத் தொண்டைகள் ஒவ்வொன்றாக அடைகின்றன.

ஸித்தியவானிலும் ஆயர் தாவாரிலும் எண்பதைத் தாண்டிய, பால்மரம் வெட்டின அம்மாமார் இன்னும் இருக்கிறார்கள். கையில் கைபேசி இல்லாத பேரப்பிள்ளை இந்தக் காலத்தில் இல்லை. பதிவு செய்கிறவர்கள், பாட்டைத் தொடங்கச் சொல்லுவதற்கு முன்னால் அம்மாவின் பெயரையும், தோட்டத்தின் பெயரையும், அந்தப் பாட்டை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் யாரென்பதையும் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். பாடி முடித்த பிறகு கேட்டால், “எம் பேரு எதுக்குய்யா, எல்லாரும் பாடுற பாட்டுதானே” என்று வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள்.